மாமா மறைத்த பூமியதிர்ச்சி

உலகத்தில் பூமி அதிர்ந்து பெரிய நகரங்கள் அழிந்திருக்கின்றன. கடல் எழுந்து கரையோரங்கள் காணாமல் போயிருக்கின்றன. மலை வெடித்து ஊர்கள் சாம்பலுக்குள் புதைந்திருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சில வருடங்களுக்கு முன்பு கண்டிக்குக் கிழக்கே எங்கள் திகனைப் பக்கம் வந்துபோன குலுங்கலைப் பூமியதிர்ச்சி என்று சொல்லவே வெட்கமாக இருக்கும். யாரும் சாகவில்லை. சிலருடைய வீட்டுச் சுவரில் மயிரிழை அளவுக்கு வெடிப்பு விழுந்தது, பலருடைய வீட்டில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. அதோடு சரி. ஆனாலும் அது என் கல்யாணத்தை விழுங்கப் பார்த்தது. மற்றவற்றை நான் கேள்விப்பட்டதோடு சரி, இது என் வீட்டு நடுக்கூடத்துக்கே வந்தது.

அப்போது எனக்கு முப்பத்துநான்கு வயது. கண்டி டவுனில் ஒரு பாமசியில் வேலை. அப்பா ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, லொறி ஓட்டப் பழகி, பெரிய நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்திலுள்ள திகனையில் வீடு கட்டிக் குடியேறியவர். வயதான பிறகு ஸ்டியரிங்கை விட்டாலும், வீட்டுக்குள் இருந்தபடியே ரோட்டில் போகும் லொறியின் சத்தத்தை வைத்து அதில் என்ன பாரம் என்று சொல்லிவிடுவார். அம்மாவுக்கு என்னைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு கவலை கிடையாது. என்னைப் பார்க்க வந்தவர்கள் வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். ஒரு கூட்டம் கதிரையில் உட்காரும்போது கரண்ட் போய்விட்டது. சகுனம் சரியில்லை என்று பலகாரத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு எங்கள் கேட்டுக்கு முன்னால் பூனை குறுக்கே போனது. அது நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவின் பூனை. அது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த வழியால்தான் போகும், வரும். அதற்குக் கல்யாணம் எது, கருமாதி எது என்று தெரியுமா?

இதற்கு நடுவில்தான் மாமா பாமசிக்கு வந்தார். அப்போது அவர் எனக்கு மாமா இல்லை, மாதாமாதம் பிரஷர் குளிசை வாங்க வரும் யாழ்ப்பாணத்துப் பெரியவர். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகனுடைய வேலைக்காகக் கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வந்து குடியிருந்தார். சில பேர் முத்திரை சேர்ப்பார்கள், சில பேர் பழைய காசு சேர்ப்பார்கள். இவர் சேர்த்தது பேரழிவுகளை. பூமியதிர்ச்சி, எரிமலை, கடல்கோள், எதைக் கேட்டாலும் மடை திறந்துவிடும். பாமசி வாசலில் அவருடைய குடை தெரிந்தவுடனே என்னோடு வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் பின்பக்கம் அவசர வேலை வந்துவிடும்.

"பிள்ளை, லிஸ்பன் எண்டு ஒரு பட்டினம் தெரியுமோ?" என்று தொடங்குவார். நான் குளிசையை உறையில் போடுவதற்குள் லிஸ்பன் முழுதாக அழிந்துவிடும். பெருநாளும் அதுவுமாகச் சனமெல்லாம் கோயிலில் இருந்த நேரம் பூமி அதிர்ந்ததாம். தப்பினவர்கள் ஆற்றங்கரைக்கு ஓடினார்களாம். அங்கே கடல் வந்ததாம். அதற்கும் தப்பினவர்களை நெருப்புப் பிடித்ததாம். "முதல் நிலம், பிறகு தண்ணி, பிறகு நெருப்பு. மிச்சம் ஒண்டுமில்லை," என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போவார். அடுத்த மாதம் தம்போரா. அந்த மலை வெடித்த தூசியில் வெயில் மங்கி, உலகத்தின் மறுபக்கத்தில் கோடை காலமே வராமல் போனதாம். எனக்கு அந்தக் கதைகள் பிடித்திருந்தன. இருமல் மருந்துக்கும் பேதி மருந்துக்கும் நடுவில் நிற்பவளுக்கு வேறு யார் இதெல்லாம் சொல்லப் போகிறார்கள்.

மருந்து வாங்க ஒரு மாதம் அவருடைய மகன் வந்தார். நில அளவையாளர். அப்பா பேசியதில் பத்தில் ஒரு பங்குகூட அவர் பேசவில்லை. "அப்பாக்குச் சுகமில்லை, அதுதான் நான் வந்தன்," என்றார். அடுத்த மாதமும் அப்பாவுக்குச் சுகமில்லை. அதற்கடுத்த மாதம் அப்பா நன்றாகத்தான் இருந்தார், கடைக்கு எதிர்ப்பக்கத்தில் குடையோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். மகனை மருந்துக்கு அனுப்பியது தற்செயல் என்று மாமா இன்றைக்கும் சாதிப்பார். அது எப்படியோ, எனக்கு அந்த மகனை மிகவும் பிடித்துவிட்டது. இவரும் கைவிட்டுப் போனால் இனி யாரையும் பார்ப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அம்மாவிடமும் அதைச் சொல்லிவிட்டேன். அம்மா அன்றிலிருந்து கும்பிடாத சாமியில்லை.

வழியில் குறுக்கே நின்றவர் அவருடைய அம்மா, என் மாமி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், மலைநாட்டுப் பெண். தோட்டத்து வழி வந்தவள் என்பது மாமிக்கு ஒரு படி குறைவு, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "சாதகம் பாப்பம்," என்று மட்டும் சொன்னார். சாதகம் அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே பொருந்திவிட்டது. பிறகு மிச்சம் இருந்தது சகுனம்தான். ஒரு தும்மல் போதும், அவர் எழுந்து போய்விடுவார் என்று மகனே என்னை எச்சரித்தார்.

மாமியின் சகுனத்தைப் பற்றி நான் கேலி பேச மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. சுனாமி வந்த அந்தப் பௌர்ணமிப் போயா தினத்தன்று அவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். வடமராட்சிக் கரையோரம் இருந்த மாமியின் அக்கா வீட்டுக்குப் போவதற்குப் பை கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. அந்த நேரம் சுவரில் பல்லி சொன்னது. மாமி பையைக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்குப் பயணம் இல்லை என்றுவிட்டார். மாமா கத்து கத்தென்று கத்தி, கோபத்தில் அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்துகொண்டாராம். அவர் உட்கார்ந்திருந்த நேரத்தில் கடல் வந்தது. அக்கா போய்விட்டார். உலகத்துக் கடல்கோள் எல்லாம் கரைத்துக் குடித்த மாமாவைக் காப்பாற்றியது ஒரு பல்லி. அன்றிலிருந்து அந்த வீட்டில் பல்லிதான் பெரிய மனிதர். மாமா தன் கதைகளைச் சொல்ல பாமசி பாமசியாக அலைந்ததும் அதனால்தான். வீட்டில் அவர் வாயைத் திறந்தால், "பெரிய படிப்பு," என்று மாமி சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

எங்கள் முறைப்படி திகனையில் பரிசம் போடுவது என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் தட்டு வரிசையோடு வருவார்கள், மாப்பிள்ளையின் அம்மா தட்டை எடுத்துப் பெண்ணின் அம்மா கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் பேச்சு உறுதி. கொரோனாக் காலம் என்பதால் கூட்டம் கூடாது. அவர்கள் பக்கம் மூன்று பேர், எங்கள் பக்கம் மூன்று பேர், எல்லோர் முகத்திலும் மாஸ்க். கதிரை கொடுத்து, இனிப்புக்கு வட்டிலப்பமும் செய்து தந்த ராத்தாவைக்கூட, எல்லாம் முடிந்த பிறகு வரச் சொல்லியிருந்தோம்.

முதல் நாள் அம்மா செய்த வேலைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வீட்டுச் சுவரில் இருந்த பல்லியை எல்லாம் வெளியே விரட்டினார். ஒன்று அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அப்பாவும் நானும் அலுமாரியை நகர்த்தி அதைப் பிடித்து வெளியே விட்டோம். ராத்தாவிடம் சொல்லிப் பூனையைப் பெட்டியில் போட்டு அடைத்தார். கரண்ட் போனால் தெரியாமல் இருக்க ஜன்னல் சீலை எல்லாவற்றையும் திறந்து வைத்தார். அப்பாவுக்குத் தும்மல் வரக்கூடாது என்று என்னிடம் குளிசை கேட்டார், நானும் கொடுத்தேன். பல்லியை விரட்டினோம், பூனையை அடைத்தோம், தும்மலுக்கு மருந்து கொடுத்தோம். பூமியைக் கட்டிப்போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வந்தார்கள். மாமி தலைவாசலில் நின்று சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார். பல்லி இல்லாத வீட்டை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். சுபநேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. சும்மா இருக்க முடியாமல் மாமா அப்பாவிடம் கிரகடோவா எரிமலையைத் தொடங்கினார்.

"அது வெடிச்ச சத்தம் ஆயிரக்கணக்கான மைல் தூரத்துக்குக் கேட்டதாம். அந்தக் கடல் எங்கட நாட்டுக்கும் வந்தது தெரியுமோ? கிழக்குக் கரையில பாணமைப் பக்கம் ஒரு மனிசியைக் கொண்டு போனதெண்டு சொல்லுகினம்."

"அப்புடிங்களா," என்றார் அப்பா. தும்மல் குளிசையின் மயக்கத்தில் அவருக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது.

"நல்ல காரியத்தில உந்தச் சாவுக் கதையை விடுங்கோ," என்று மாமி அதட்டினார். மாமா கிரகடோவாவை நடுவிலேயே நிறுத்தினார்.

நேரம் வந்தது. விளக்கு எரிந்தது. மாமி எழுந்து தட்டைக் கையில் எடுத்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமம், நடுவில் ஒரு தேங்காய், அதன் கீழே எனக்கு வாங்கிய சாரி. அம்மா இரண்டு கையையும் நீட்டினார்.

அந்த நேரம் காலுக்குக் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. கும் என்று. காதால் கேட்டதா, உள்ளங்காலால் கேட்டதா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின. விளக்குச் சுடர் சாய்ந்து நிமிர்ந்தது. நான் உட்கார்ந்திருந்த கதிரை என்னை ஒருமுறை தூக்கி வைத்தது. ஒரு மிடறு தண்ணீர் விழுங்கும் நேரம்தான். பிறகு எல்லாம் பழையபடி நின்றது.

 மாஸ்க் போட்டிருந்ததால் யார் முகமும் தெரியவில்லை, ஆறு சோடிக் கண்கள் மட்டும் ஒன்றையொன்று பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தன.  போயிற்று, இதுவும் போயிற்று என்று நினைத்தேன். பூனைக்கும் கரண்டுக்கும் எழுந்து போகிறவர்கள் உள்ள நாட்டில், பூமாதேவியே தலையை ஆட்டி வேண்டாம் என்ற பிறகு எந்த அம்மா தட்டைக் கொடுப்பார்?

"கோரியில வெடி வச்சிருப்பாங்க," என்றார் அம்மா.

"லொறி," என்றார் அப்பா.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமையில் கல்லுடைக்கிற இடம் மூடியிருக்கும் என்று திகனையில் குழந்தைக்கும் தெரியும். அம்மா சுதாரித்துக்கொண்டு, "ஆமாங்க, லொறிதான். இந்த ரோட்டுல எந்நேரமும் லொறிதாங்க," என்றார். சத்தத்தை வைத்துப் பாரம் சொல்கிற அப்பா, எந்த லொறியும் போகாத வெறும் ரோட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தொழிலுக்குத் துரோகம் செய்தது அன்று ஒருநாள்தான்.

அப்போது நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கதிரையில் இருந்து பாதி எழுந்திருந்தார். இரண்டு கையும் கதிரைப் பிடியை இறுக்கியிருந்தன. தேர் திரும்பி வரும்போது சாமியை நேருக்கு நேர் பார்த்துவிட்டவர்களுடைய கண் அது. எத்தனையோ வருடம் புத்தகத்திலும் பேப்பரிலும் படித்து, ஊர் பேர் தெரியாத ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் திரிந்த விஷயம், கடைசியில் அவரைத் தேடிக்கொண்டு திகனைக்கு வந்திருக்கிறது. வாய் திறக்கப் போகிறார் என்பது மாஸ்குக்கு மேலாகவே தெரிந்தது.

மாமி தட்டைப் பிடித்தபடியே அவர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத்தானே உதெல்லாம் தெரியும். என்னப்பா அது?"

 என் மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மனைவியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"லொறி," என்றார். குரல் உடைந்து வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாரமான லொறி. கல்லு ஏத்தினது," என்றார்.

மாமி தட்டை அம்மாவின் கையில் வைத்தார். அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதோடு முடியவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு ராத்தா ஓடி வந்தார். கையில் பூனைப் பெட்டி.

"யா அல்லாஹ், எங்கட ஊடே ஆடின. ஒங்களுக்கு வெளங்கல்லயா? பூனை பெட்டிக்குள்ள பைத்தியம் புடிச்ச மாதிரி ஈக்கிது."

எங்கள் வீட்டில் நின்ற அத்தனை பேரும் ராத்தாவை ஒன்றும் விளங்காதவர்கள் போலப் பார்த்தார்கள். அம்மா, "லொறி ராத்தா," என்றார். ராத்தா, "என்ன லொறி? ஒரு லொறியும் போகல்லயே," என்றார். நான் பார்த்தேன், இனி விட்டால் ஆபத்து. எழுந்து போய் ராத்தாவைக் கதிரையில் உட்கார வைத்து, அலுமாரியில் இருந்த பிரஷர் பார்க்கும் மெஷினை எடுத்து அவருடைய கையில் கட்டினேன்.

"தலை சுத்தினா வீடு ஆடுற மாதிரிதான் இருக்கும் ராத்தா. பிரஷர் பாக்குறப்ப பேசக் கூடாது."

ராத்தா பேசவில்லை. என்னை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் மெதுவாக என் கண்ணில் இருந்து தட்டுக்கும், தட்டில் இருந்து மாமிக்கும் போனது. புத்திசாலி. மெஷின் காற்றை விட்டு முடிந்ததும், எண்ணைப் பார்க்காமலே, "ஓ, பிரஷர்தான். காலையில இருந்தே ஒரு மாதிரி ஈந்திச்சு," என்றுவிட்டு வட்டிலப்பத்தை எடுக்கப் போனார். உண்மையில் அவருடைய பிரஷர் நன்றாகத்தான் இருந்தது. என்னுடையதைப் பார்த்திருந்தால் மெஷின் வெடித்திருக்கும்.

சாப்பாட்டுக்கு மாமாவைக் காணவில்லை. நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மாமரத்துக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மண்ணில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

"பிள்ளை, அந்த லொறி எந்தப் பக்கத்தால வந்தது?"

"கெழக்கால மாமா. நீர்த்தேக்கப் பக்கமா."

"ஓம். நானும் அப்பிடித்தான் நினைச்சன்." தண்ணீரைக் குடித்தார். "முதல் சத்தம், பிறகு ஆட்டம். என்ன?"

"ஆமா மாமா. லொறிக்கு அப்படித்தானே."

"லொறிக்கு அப்பிடித்தான்," என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்ததை எனக்காக வாயில் போட்டு விழுங்கிவிட்டார் என்று அந்த இடத்தில்தான் எனக்கு முழுதாக உறைத்தது. நன்றி சொல்லலாம் என்றால், எதற்கு என்று சொல்ல வேண்டிவரும். வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கல்யாணம் முடியும்வரை மாமா பட்ட பாடு பெரும்பாடு. அன்றைக்குச் சாயங்காலமே செய்தியில் திகனையில் பூமியதிர்ச்சி என்று சொல்லிவிட்டார்கள். மாமி பார்த்துவிடாமல் இருக்க மாமா ரிமோட்டில் இருந்த பற்றரியைக் கழற்றி வெற்றிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒன்றுக்கு இரண்டு பேப்பர் வாங்குகிறவர், அந்த வாரம் பேப்பர்காரனைக் கேட்டிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். ஊரில் அவரவர் கோரி, நீர்த்தேக்கம் என்று தங்களுக்குப் பிடிக்காத ஒன்றை அதிர்ச்சிக்குக் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தன்னிடம் யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்க வேண்டிய மனிதர், கேட்டுவிடுவார்களோ என்று ஒளிந்து திரிந்தார். பிறகும் இரண்டொரு தடவை அந்தப் பக்கம் குலுங்கியது. அம்மா உடனே எனக்குப் போன் எடுத்து, "லொறி போச்சு," என்று ரகசியமாகச் சொல்வார். நான் அதை மாமாவுக்குச் சொல்வேன். அவர் வருத்தமாகத் தலையாட்டுவார். அந்த லொறிகள் ஒன்றுகூடக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வரவில்லை.

கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன பிறகுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. மாமாவோடு முன்பு வேலை செய்த நண்பர் ஒருவர் கனடாவில் இருந்து அடிக்கடி பேசுவார். அவருக்கும் இதே பைத்தியம். "உலகத்து அதிர்ச்சி எல்லாம் சொல்லுற நீர், பக்கத்தில வந்தது தெரியேல்லையோ?" என்று ஒருநாள் சத்தமாகச் சிரித்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாமி பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்டும் தெரியேல்லை, நான் நித்திரை," என்றார் மாமா.  என் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த சீர் இன்னும் முடியவில்லை.

பிறகு துருக்கியில் பூமி அதிர்ந்தது. அந்த நாட்களில் பகலெல்லாம் டீவி ஓடிக்கொண்டிருந்தது. அடுக்குமாடிகள் மடிந்து கிடந்தன. பனிக்குள் நின்று சனங்கள் கல்லைக் கையால் கிளறினார்கள். மாமா அன்றைக்குக் கதை எதுவும் சொல்லவில்லை. சாய்மனைக் கதிரையில் டீவியைப் பார்த்தபடி கிடந்தார். நான் தரையில் உட்கார்ந்து வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மாமி சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டீவியில் ஒரு பெண், இடிந்த வீட்டுக்கு முன்னால் நின்று, உள்ளே இருந்த யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"அண்டைக்குத் திகனையில பூமி ஆடினது எனக்கும் தெரியும்," என்றார் மாமி, கண்ணை டீவியில் இருந்து எடுக்காமல்.

என் கை வல்லாரையில் நின்றுவிட்டது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆர் சொன்னது உமக்கு?"

"ஆர் சொல்ல வேணும்? தட்டு என்ர கையிலதானே இருந்தது. தேங்காய் உருண்டு விழப் பாத்தது. பெருவிரலால அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

கல்யாணமாகி இத்தனை காலம் ஆன பிறகும் எனக்குப் பயம் வந்தது. இருந்தாலும் கேட்டேன். "அப்ப ஏன் மாமி எந்திரிச்சுப் போகல?"

 மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"எனக்குப் பல்லி சாத்திரம் சொல்லித் தந்ததே அக்காதான். என்னைவிடக் கூடப் பாக்கிறவள். காலமை எழும்பினா முதல் சுவரைத்தான் பாப்பாள். எனக்குச் சொன்ன பல்லி அவளுக்கு ஏன் சொல்லேல்லை? எத்தினை வருசமா யோசிக்கிறன். அதை நான் ஆரிட்டைக் கேக்கிறது?"

மாமி அண்ணாந்து சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்குத் தேங்காய் உருண்ட உடனை எழும்பத்தான் நினைச்சன். பிறகு இந்தப் பிள்ளையின்ர கண்ணைப் பாத்தன். இதையும் கேட்டு நடந்தனெண்டா சாகும் மட்டும் இதுக்குப் பின்னாலதான் போக வேணும். போதும் எண்டு நிண்டிட்டன்."

"அப்ப ஏன் என்னைக் கேட்டனீர்?" என்றார் மாமா. அவருடைய குரலில் கோபம்கூட இருந்தது. "என்ன அது எண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டீரே."

"கேக்காட்டி நீங்களாச் சொல்லத் தொடங்கியிருப்பியள். வாயைத் திறக்க வெளிக்கிட்டியள், உங்கட கண்ணிலயே பாத்தனான். நீங்கள் சொல்லியிருந்தா, பிறகு எனக்கு எழும்பாமல் இருக்க ஏலாது. கேட்டால்தான் ஒருக்கா யோசிப்பியள் எண்டு கேட்டனான்."

மாமா வெகுநேரம் அவரையே பார்த்தார். இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தும் இப்போதுதான் அந்த மனுசியைப் பார்க்கிறார் போல இருந்தது. கண்ணாடியைக் கழற்றினார், துடைக்க மறந்துவிட்டுத் திரும்பவும் போட்டார்.

"அப்ப," என்றார். "இனிச் சொல்லலாமோ?"

"சொல்லுங்கோவன்."

மாமி போய் டீவியை நிறுத்தினார். லிஸ்பனையும் கிரகடோவாவையும் ஒருநாள்கூட முழுதாகக் கேட்டிராதவர், சாப்பாட்டு மேசையில் இருந்து ஒரு கதிரையை இழுத்து வந்து, மாமாவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

மாமா தொண்டையைச் செருமினார். "முதல் ஒரு சத்தம் வந்தது. கீழயிருந்து."

"ஓம்," என்றார் மாமி. "எனக்கும் முதல் சத்தம்தான்."